ஒரு பல்லிலிருந்து ஓர் உடல்

கூரிய பற்களுடைய ஊனுண்ணி, முதுகெங்கும் எலும்புக் கவசம் பூண்ட விலங்கு, இலைதழைகளை அரைத்துத் தின்னும் பேருருவம் என டைனோசர்களின் வகைகளை இன்று சிறு பிள்ளைகளும் அடையாளம் சொல்வார்கள். 200 ஆண்டுகளுக்கு முன்போ, இப்படிப்பட்ட விலங்குகள் வாழ்ந்தன என்பதே உலகுக்குத் தெரியாது. கிடைத்தவை சில பற்களும் உடைந்த எலும்புகளும்தாம். அவற்றைக் கொண்டு ஒரு முழு உடலை அறிய முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் கிடியன் மாண்டெல்.

மாண்டெல் 1790ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லூயிஸ் நகரில், காலணி செய்பவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவரானார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் சசெக்ஸ் வட்டாரத்தின் கல் குவாரிகளில் புதைபடிவங்களைத் தேடினார். அவர் எழுதிய நூலுக்கு மனைவி மேரி படங்களைச் செதுக்கித் தந்தார்.

1820களின் தொடக்கத்தில் விசித்திரமான சில பற்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றின் முனைகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. தாவரத்தை மென்று தின்னும் விலங்கின் பற்களே அப்படித் தேயும். ஆனால், அவை கிடைத்த பாறையோ மிகப் பழமையானது. பெரிய பாலூட்டிகள் எதுவும் தோன்றாத காலத்தைச் சேர்ந்தது. அப்படியானால் அது தாவரம் உண்ட ஊர்வனவா? பிரான்சின் புகழ்பெற்ற அறிஞர் குவியேயே, அது காண்டாமிருகத்தின் பல் என்றுதான் முதலில் கருதினார்.

மாண்டெல் தேடலை விடவில்லை. லண்டனில் அறுவை மருத்துவர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில், இகுவானா என்னும் பெரிய ஓணான் இனத்தின் எலும்புக்கூட்டை அவருக்குக் காட்டினார்கள். அதன் பற்களும் தம்மிடமுள்ள பற்களும் ஒரே வடிவம். அளவில் மட்டுமே பெரும் வேறுபாடு! குவியேயும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1825இல் அந்த விலங்கை ‘இகுவானோடான்’, அதாவது ‘இகுவானாப் பல்லுடையது’ என்ற பெயரில் மாண்டெல் உலகுக்கு அறிவித்தார். 1833இல், தோலில் எலும்புத் தகடுகளும் முட்களும் கொண்ட ‘ஹைலியோசாரஸ்’ என்ற விலங்கையும் விவரித்தார்.

ஆய்வில் உயர்ந்தவர் வாழ்க்கையில் சரிந்தார். வீடு அருங்காட்சியகமாக மாறியது. மருத்துவத் தொழில் படுத்தது. 1838இல் தம் சேகரிப்பை 4,000 பவுனுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் விற்றார். அடுத்த ஆண்டு மனைவி பிரிந்து சென்றார். 1840இல் மகள் இறந்தாள். 1841இல் நடந்த குதிரை வண்டி விபத்தில் அவரது முதுகெலும்பு பழுதுற்றது.

இந்த வேளையில்தான் ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர் இகுவானோடான், ஹைலியோசாரஸ், ஊனுண்ணியான மெகலோசாரஸ் மூன்றையும் ஒரே இனக்குழுவாக்கி, 1842இல் ‘டைனோசர்’ என்ற பெயரைச் சூட்டினார். பல்லியின் கால்களைப் போல் பக்கவாட்டில் விரியாமல், உடலுக்கு நேர்கீழே தூண்போல் நிற்கும் கால்கள்; இடுப்புப் பகுதியில் ஒன்றாக இணைந்த முதுகெலும்புகள். இவை அவர் கண்ட பொதுக்கூறுகள். புகழும் ஓவனையே சேர்ந்தது.

ஓவனின் இகுவானோடான், நான்கு கால்களிலும் ஒரே பருமனுடைய காண்டாமிருகம் போன்றது. மாண்டெலோ, வலியோடு போராடியபடியே புதிய எலும்புகளை அளந்து, முன்னங்கால்கள் மெலிந்தவை, பின்னங்கால்களே பருத்தவை என்று கண்டார். 1849இல் அரச கழகத்தின் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

வலியைத் தணிக்க அபின் மருந்தை நம்பியிருந்த அவர், அது அளவு மீறியதால் 1852 நவம்பர் 10ஆம் நாள் மறைந்தார். வளைந்துபோன அவரது முதுகெலும்பு, முன்பு அவர் இகுவானாவைக் கண்ட அதே கல்லூரியின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் 30க்கும் மேற்பட்ட இகுவானோடான் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. மூக்கின்மேல் கொம்பு என்று மாண்டெல் எண்ணியது, உண்மையில் கட்டைவிரலின் முள். 18 மீட்டருக்கும் குறையாது என்று அவர் கணித்த உடல் சுமார் 10 மீட்டர்தான். ஆனால், முன்னங்கால்களைப் பற்றி அவர் சொன்னது சரியாக இருந்தது. கொம்பைப் பிழையாக வைத்தவரும், மெலிந்த முன்னங்காலைச் சரியாகக் கண்டவரும் ஒருவரே. இரண்டுக்கும் அவர் கையாண்ட வழியும் ஒன்றுதான்: கையிலுள்ள சான்றை அளப்பது, ஒப்பிடுவது, புதிய எலும்பு கிடைத்தால் மீண்டும் தொடங்குவது.