தாமஸ் மன்றோ துரை

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்குவோருக்குக் கல்வராயன் மலை தொடுவானை மறைத்து நிற்கும். மலையின் அடிவாரத்துச் சீமைகளில் நிலமுடைய குடியானவன் தன் பெயரில் பட்டாவை அறிவான். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியையும் அறிவான். மலைமேல் வாழ்ந்த ஜனங்களோ மூன்று ஜாகிர்தார்களின் குடிகளாயிருந்து, தேசம் சுதந்திரம் பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே சர்க்காரோடு நேரான சம்பந்தம் பெற்றனர். குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே மூன்றாமவன் ஒருவன் நிற்கலாகாது என்று ஆயுள் முழுவதும் வாதாடியவர் ஸர் தாமஸ் மன்றோ. அந்தப் பாடத்தை அவர் கற்ற பள்ளிக்கூடம் இதே மலைக்கு அப்பால், தருமபுரியைச் சூழ்ந்த பாராமகால் சீமையாகும்.

அன்னிய ஆட்சியின் ஊழியர் ஒருவரைத் தேசாபிமானிகள் நினைப்பானேன் என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் எதிரியின் பாசறையிலிருந்த நல்லவனை நல்லவனென்று ஒப்புக்கொள்வதால் நமது கட்சி பலவீனமடைவதில்லை என்பது நமது துணிபு. அவரது குணத்தைப் போற்றிவிட்டு, அவர் வகுத்த தீர்வையையும் சேர்த்துப் போற்றுவதுதான் தவறாகும்.

மன்றோ 1761-ஆம் வருஷம் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தை அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்கர் சுதந்திரத்திற்காகப் போர் தொடுக்கவே அவ்வியாபாரம் நொடித்தது. ஒரு தேசத்தின் விடுதலைப் போர் ஏழையாக்கிய குடும்பத்துப் பிள்ளை, மற்றொரு தேசத்தை அடிமைப்படுத்தும் கம்பெனிக்கு ஊழியம் செய்யப் புறப்பட்டான்! 1780-இல் சென்னையில் வந்திறங்கியபோது பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. ஹைதர் அலியுடனும் பின்னர் திப்புவுடனும் நடந்த யுத்தங்களில் சேவகம் செய்தார். சிப்பாய் அதிகாரியின் சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பெற்றோருக்குப் பணம் அனுப்பினார். தாய்க்கும் தந்தைக்கும் சகோதரிக்கும் அவர் இடைவிடாது எழுதிய கடிதங்களே அவரது சரித்திரத்திற்குத் தலைமையான ஆதாரம்.

1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியார் வசமாயிற்று. காப்டன் ரீட் என்பாரின் கீழ் உதவியாளராக மன்றோ அங்கே ஏழு ஆண்டுகள் இருந்தார். கூடாரத்தில் வசித்து, கிராமம் கிராமமாய்ச் சென்று, வயல்களை அளப்பித்து, ரயத்துகளுடன் அவர்கள் பாஷையிலேயே பேசித் தீர்வை விதித்தார். தருமபுரியில் தம் கையாலேயே ஒரு தோட்டமும் வைத்தார். அதைவிட்டுப் பிரிய நேர்ந்தபோது அவர் பட்ட துயரம் அளவற்றது. அவ்வூரில் அவர் செய்த வேலையும் நிலைக்கவில்லை. 1802 முதல் கம்பெனியார் சேலம் சீமையை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் போட, மிட்டாதார்கள் பலர் சீக்கிரமே நொடித்தனர்.

1800 முதல் 1807 வரை நிஜாம் விட்டுக்கொடுத்த கடப்பை, பல்லாரிச் சீமைகளுக்கு அவர் தலைமைக் கலெக்டர். வருமானம் சுமார் 10 இலட்சம் வராகனிலிருந்து 15 இலட்சமாக உயர்ந்தது. கம்பெனியார் மெச்சினர், நாம் மெச்சுவதற்கில்லை. மகசூலில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கைச் சர்க்கார் கவர்ந்த தீர்வை அது. ஆனால் அது குடியைக் கெடுக்கும் என்று முதலில் கூறியவரும் அவரே. 1807-இல் தீர்வையில் நாலிலொரு பங்கைக் குறைக்கவேண்டுமென்று எழுதினார். மேலதிகாரிகள் அதைப் புறக்கணித்து, கிராமங்களை முதலில் மூன்று ஆண்டுக்கும் பின் பத்து ஆண்டுக்கும் குத்தகைக்கு விட்டுக் குடிகளைப் பாழாக்கினர். அக்குறைப்பு வந்தது 1820-இல், மன்றோ சென்னைக் கவர்னராக வந்த பின்னரே. நல்லவனொருவன் கவர்னராகும்வரை குடியானவன் பதின்மூன்று ஆண்டு காத்திருக்கவேண்டிய ஆட்சியை என்னென்பது!

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் 1808-இல் அவர் தாய்நாடு திரும்பியபோது, யாருக்காக எழுதி எழுதிச் சலியாதிருந்தாரோ அந்தத் தாய் உயிரோடில்லை. 1814-இல், ஐம்பத்திரண்டு வயதில், ஜேன் காம்பெல் என்னும் மாதரசியை மணந்தார். அவ்வருஷமே நீதி நிர்வாகச் சீர்திருத்த வேலைக்கு மீண்டும் சென்னை வந்தார். கிராம முன்சீபும் ஜில்லா முன்சீபும் 1816-இல் அதன் பயனாய்த் தோன்றின. இந்தியன் நியாயாதிபதியாய் வழக்கு விசாரிக்கத் தகுந்தவனே என்பதற்கு அக்காலத்து வெள்ளையரிடையே வாதாட வேண்டியிருந்தது. வக்கீல் தொழிலிலுள்ளார் இதை மறத்தலாகாது. கவர்னரான பின் 1822-இல் இம்மாகாணத்துப் பாடசாலைகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகள் உண்டென்று கண்டது. வெள்ளையர் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தனர் என்போருக்கு அவர்கள் கவர்னரே தேடித்தந்த பதில் அது. 1824 டிசம்பர் 31-இல் எழுதிய குறிப்பில், இந்தியருக்கு உயர்ந்த உத்தியோகங்களை மறுப்பது அவர்கள் குணத்தையே தாழ்த்துமென்றும், அவர்கள் தம்மைத் தாமே ஆளும் தகுதியடையும் நாளை எதிர்நோக்கியே ஆளவேண்டுமென்றும் கூறினார். சொன்னவர் போனார், குறிப்பு தஸ்தாவேஜில் உறங்கிற்று. அந்நாள் விடிய 1947 ஆயிற்று.

இனி அவரது இல்வாழ்வு. மூத்த மகன் 1819-இல், தாய்தந்தையர் சீமைக்குச் சென்ற கப்பலிலேயே பிறந்தவன். சில மாதங்களில் கவர்னர் பதவிக்குப் புறப்படுகையில் குழந்தையை அங்கேயே விட்டு வந்தனர். இளைய மகன் சென்னையில் 1823-இல் பிறந்தான். அவனுக்கு நோய் கண்டு, 1826-இல் மனைவி அவனை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். மன்றோவோ முன்னரே விடுதலை கேட்டவர். பர்மா யுத்தம் வந்ததால் தங்கினார். பிறகு தமக்குப் பின் வருபவருக்காகக் காத்திருந்தார். கிண்டித் தோட்டத்தில் மனைவியும் மகனும் நடந்த பாதைகள் வெறிச்சென்றிருப்பதைக் குறித்து மனைவிக்கு எழுதிய கடிதம், கவர்னர் எழுதியதன்று, கணவன் எழுதியது.

புறப்படுமுன் தமது பழைய ரயத்துகளிடம் விடைபெற வேண்டுமென்று, 1827-இல் கோடைச் சுற்றுப்பிரயாணமாகக் கடப்பை, பல்லாரிப் பக்கம் சென்றார். அப்பிரதேசத்தில் வாந்திபேதி பரவியிருந்தது. ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டா என்னும் ஊரில் அந்நோய் அவரைப் பற்றி, அன்று மாலையே உயிர் பிரிந்தது. கூத்தியில் அடக்கம் செய்து, பின்னர் சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி ஆலயத்திற்குக் கொணர்ந்தனர். சேணமின்றிக் குதிரைமேல் வீற்றிருக்கும் அவரது சிலை சென்னைத் தீவுத்திடலருகே 1839 முதல் நிற்கிறது. கடப்பைப் பக்கத்து ஜனங்கள் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டனர்.

மரணச் செய்தி கப்பலில் சென்று மனைவியை அடையப் பல மாதங்களாயின. தந்தையின் முகத்தை நினைவில் கொள்ள வழியில்லாத மூத்த மகன், எட்டு வயதில் அவரது பாரனெட் பட்டத்திற்கு உரியவனானான்.