கரோலைன் சிசம் அம்மையார்

ஆதரவற்ற பெண்ணுக்கு இரங்குவோர் உலகில் பலர். அவளை உழைத்து வாழும் உரிமை உடையவளாக மதிப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், விக்டோரியா பேரரசி காலத்தில் வாழ்ந்த கரோலைன் சிசம் அம்மையார்.

அம்மையார் 1808ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரை அடுத்த ஊட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1830இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு சிசம் என்பாரை மணந்தார். மணம் முடிந்த பின்னரும் தமது தொண்டுக்குத் தடை கூறலாகாது என்று மணமகனிடம் முன்னரே உறுதி பெற்றுக்கொண்டார். சென்னைக்கு வந்தவர், ஐரோப்பியப் படைவீரர்களின் பெண்மக்கள் கல்வியின்றிச் சீரழிவதைக் கண்டு வருந்தினார். 1834இல் அவர்களுக்கெனத் தொழிற்பள்ளி ஒன்றை நிறுவி, எழுத்தும் வாசிப்பும் சமையலும் நோயாளரைப் பேணும் முறையும் கற்பித்தார். பின்னாளில் பல்லாயிரவருக்குப் பயன்பட்ட அவரது தொண்டு சென்னை மண்ணில் வேரூன்றியது என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

1838இல் குடும்பம் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பகுதியில் குடியேறியது. அந்நாளில் பிரிட்டனிலிருந்து ஏழைப் பெண்களை அங்கே கொண்டுவந்து இறக்கும் முகவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு எனப் பணம் தரப்பட்டது. கரையிறங்கிய பின் அப்பெண்களைக் கேட்பாரில்லை. வேலையும் உறைவிடமும் இன்றித் தெருவில் தங்கியோர் பலர். தீய வழியில் தள்ளப்பட்டோரும் உளர். ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ் முதலில் தயங்கினார். அம்மையார் விடாது வேண்டவே, 1841இல் பழைய கட்டடம் ஒன்றின் பகுதியை ஒதுக்கித் தந்தார். முதல் இரவு அங்கு அவரை எதிர்கொண்டவை எலிக்கூட்டங்களே! அஞ்சி ஓடாது, நஞ்சு வைத்து அவற்றை ஒழித்து, அவ்விடத்தையே மகளிர் இல்லமாக்கினார்.

உணவும் உறைவிடமும் தந்ததோடு அவர் அமையவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தினார். கூலியை எழுத்து ஒப்பந்தத்தால் உறுதி செய்தார். தாமே குதிரையேறி, பெண்களை வண்டிகளில் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு அழைத்துச் சென்று பணியில் அமர்த்தினார். 1846இல் தாயகம் திரும்புமுன் அவரால் வாழ்வு பெற்றோர் ஏறத்தாழ 11,000 பேர்.

இலண்டனில் தையற்பெண்களின் வறுமை பெரும்பேச்சாக இருந்த காலம் அது. சிட்னி ஹெர்பர்ட் நன்கொடை திரட்டி அவர்களைக் கடல்கடந்து அனுப்ப முயன்றார். 1849இல் அம்மையார் நிறுவிய குடும்பக் குடியேற்றக் கடன் சங்கமோ வேறு வழியை மேற்கொண்டது. பயணச் செலவில் ஒரு பகுதியைப் பயணியர் சேமிக்க வேண்டும். எஞ்சியதைச் சங்கம் கடனாகத் தரும். சென்ற இடத்தில் உழைத்துத் தவணைகளில் திருப்பலாம். தனித்து வரும் பெண்கள் குடும்பங்களின் காவலில் பயணம் செய்தனர். இரந்து பெற்ற வாழ்வன்று, தேடிக்கொண்ட வாழ்வு என்னும் பெருமிதத்தை ஏழைக்கு அளித்ததே இத்திட்டத்தின் உயிர்நாடி.

அவர் பணியில் குறைகளும் உண்டு. பெண்ணின் இடம் இல்லறமே என்னும் அக்காலக் கருத்தை அவர் கடந்தாரல்லர். குடியேறியோர் பெற்ற நிலம் பழங்குடியினர் இழந்த நிலம் என்பதையும் நாம் மறத்தலாகாது. கத்தோலிக்கரைப் பெருக்க வந்தவர் என்ற பழிச்சொல்லையும் அவர் சுமந்தார். தம் இதழில் அவரது திட்டத்தை ஆதரித்த சார்லஸ் டிக்கன்சே, பிள்ளைகளைக் கவனியாது உலகத் தொண்டு புரியும் ஜெல்லிபி அம்மையாரைத் தம் புதினத்தில் படைத்து நகையாடினார். அப்பாத்திரத்தில் கரோலைனின் சாயலும் உண்டு என்பர் ஆய்வாளர். போற்றிய எழுதுகோலே எள்ளவும் செய்தது!

1854இல் மீண்டும் ஆஸ்திரேலியா சென்று, பொன்வயல்களுக்கு நடந்து செல்லும் குடும்பங்களுக்கு வழியில் தங்குமிடங்கள் அமைய உழைத்தார். நோயும் வறுமையும் சூழ, 1866இல் இங்கிலாந்து திரும்பினார். அரசு ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை வழங்கியது. இறுதி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்து, 1877 மார்ச் 25இல் இலண்டனில் மறைந்தார். ஆயிரமாயிரம் பேருக்கு வீடு தேடித் தந்தவர், வாடகை அறையில் கண்மூடினார். 1967இல் ஆஸ்திரேலியா தன் ஐந்து டாலர் தாளில் அவர் உருவைப் பொறித்தது. வாழ்நாளில் பொருள் சேர்க்காத அவரது முகம், பின்னர் அந்நாட்டின் பணத்தாளிலேயே கால் நூற்றாண்டு விளங்கியது.

ஏழைப் பெண்ணைப் பாடும் கவிஞர்கள், அவள் கண்ணீரோடு அவள் கைகளின் உழைப்பையும் காணவேண்டும். கரோலைன் அம்மையார் கண்டது அக்கைகளையே.