அச்சமும் ஆசையும்

திருநீர்மலைக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில் ஒரு பழங் குடைவரை உண்டு. பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டை நாட்டையாண்ட அவ்வேந்தனுக்குப் பணியாத பெரியார் ஒருவர் இருந்தார். அவரே திருநாவுக்கரசர். அவரை ஒறுத்த பல்லவன் இம் மகேந்திரனே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு.

நாவுக்கரசர் திருவாமூரிற் பிறந்தவர். இளமையிற் பெற்றோரை இழந்து, தமக்கையார் திலகவதியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். சமணஞ் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். சூலை நோயுற்றுத் திருவதிகையில் மீண்டுஞ் சைவரானார். அரசன் அழைத்தான். தாம் எவர்க்குங் குடியல்லர் என மறுத்து நின்றார் அடிகள். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு பிணித்துக் கடலில் இடல் என ஒறுப்புக்கள் தொடர்ந்தன. அனைத்தையும் கடந்து திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறினார் என்பர் சேக்கிழார். இவற்றை அற்புதமெனக் கொள்வாருங் கொள்க. உருவகமெனக் கொள்வாருங் கொள்க. அரசாணை உடலளவில் நிற்பது, உள்ளத்தை எட்டாது. இவ்வுண்மையில் ஐயமுண்டோ?

மேனாட்டிலும் இவ்வுண்மை கண்டார் உளர். ஸ்டாயிக் ஞானியாகிய எபிக்டெட்டஸ் உரோமாபுரியில் அடிமையாயிருந்தவர், காலும் முடம். 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் டொமிஷியன் என்னும் சக்கரவர்த்தி ஞானியரை நகரினின்றும் துரத்தினான். அவர் நிக்கோப்போலிஸ் சென்று பள்ளி நிறுவினார். நம் வசமுள்ளது எது, நம் வசமில்லாதது எது எனப் பகுத்தறிதலே விடுதலையின் வாயில் என்று போதித்தார். அவர் கடவுட் கொள்கை வேறு. அடிகள் பத்திநெறி வேறு. அஞ்சாமை ஒன்றே.

அடிகளுக்கு மற்றொரு சோதனையுங் காத்திருந்தது. திருப்புகலூரில் உழவாரப் படையாற் புல் செதுக்குங்கால் பொன்னும் மணியும் தோன்றின. பருக்கைக் கற்களோடு அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார். நாம் பெரிதும் போற்றுவது இச்செயலையே. அச்சம் ஒரு தளை. ஆசை மற்றொரு தளை. முன்னதை அறுத்தல் அரிது. பின்னதை அறுத்தல் அதனினும் அரிது.

தேசத்தொண்டர்களே! 1947க்கு முன் சிறைக்கஞ்சாத வீரர் பல்லாயிரவர் இந்நாட்டில் தோன்றினர். அவருட் பதவிக்கும் பொருளுக்கும் மயங்காதார் எத்துணைப் பேர்? அவ்வழி வந்த நாமும் நம்மை வினவிக்கொள்வோமாக. தடியடிக்கு வளையாத முதுகு பொற்கிழிக்கு வளையுமாயின், பெற்ற விடுதலை பாதியே. அடிகள் கையிலிருந்தது வாளன்று, உழவாரம். அதைக் கொண்டு அவர் இரண்டு தளைகளையும் அறுத்தார்.