ஜவ்வாது மலையில் இருட்டைத் தேடிய மேதை: யார் இந்த வைணு பாப்பு?

‘டார்க் அகாடமியா’ என்ற பெயரில் ஒரு கதை வகை இப்போது இளைஞர்கள் மத்தியில் ரொம்பவே பிரபலம். பழைய கல்லூரிக் கட்டிடம், நள்ளிரவு நூலகம், தூசி படிந்த புத்தகங்கள், படிப்பின் மீது பித்துப் பிடித்த நாலைந்து பேர், கடைசியில் ஒரு மரணம். சிறுகதையோ நாவலோ, பெரும்பாலும் இதுதான் அதன் சட்டகம். 1992இல் அமெரிக்க எழுத்தாளர் டோனா டார்ட் எழுதிய ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ நாவலை இந்த வகையின் தாய் என்பார்கள்.

இந்தக் கதைகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும்தான் தேட வேண்டும் என்றில்லை. கற்பனையே கலக்காத ஒரு நிஜக் கதை நம்ம திருப்பத்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் வரும் காவலூர்தான் அதன் களம். இருட்டு, இரவு, தீராத அறிவுத் தேடல், முடிவதற்குள் வந்த மரணம் என எல்லாமே இதில் உண்டு. கதாநாயகன், இந்திய நவீன வானியலின் தந்தை என்று போற்றப்படும் வைணு பாப்பு.

யார் இவர்?

முழுப் பெயர் மணலி கல்லாட் வைணு பாப்பு. பூர்விகம் வட கேரளம். 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா, ஹைதராபாத்தில் இருந்த நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அதனால், மற்ற பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்த வயதில் இவருக்குத் தொலைநோக்கி பழகிப்போனது. கல்லூரி மாணவராக இருந்தபோதே, ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைக் கவனித்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகை கிடைத்ததும் 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு ஜூலை 2 அன்று, வானத்தைப் படம் எடுத்த தகடு ஒன்றில் புதிய வால்மீன் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பார்ட் போக், கார்டன் நியூகிர்க் ஆகியோரும் சேர்ந்து அதை உறுதி செய்தார்கள். இன்றும் அது ‘பாப்பு–போக்–நியூகிர்க்’ வால்மீன்தான். அப்போது பாப்புவுக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை.

‘வில்சன்–பாப்பு விளைவு’ என்றால் என்ன?

1952இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, கார்னகி நிதிநல்கையில் கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்துக்குச் சென்றார். அங்கே ஆலின் வில்சனுடன் சேர்ந்து செய்த ஆய்வுதான் அவர் பெயரைப் பாடப் புத்தகங்களில் ஏற்றியது.

கொஞ்சம் எளிமையாகப் பார்ப்போம். தூரத்தில் ஒரு விளக்கு எரிகிறது. மங்கலாகத் தெரிகிறது. அது பக்கத்தில் இருக்கும் சின்ன பல்பா, வெகு தூரத்தில் இருக்கும் பெரிய பல்பா? எத்தனை வாட்ஸ் என்று தெரிந்துவிட்டால், தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். விண்மீன்களிலும் இதே சிக்கல்தான். எத்தனை வாட்ஸ் என்று யார் போய்ப் பார்ப்பது?

சூரியனைப் போன்ற, அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், கால்சியம் உருவாக்கும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கறுப்புக்கு நடுவே மெல்லிய வெளிச்சம் ஒன்று இருக்கும். அதன் அகலம் எவ்வளவு கூடுகிறதோ, அந்த விண்மீனின் உண்மையான பிரகாசமும் அந்த அளவுக்குக் கூடுதல் என்று இருவரும் கண்டுபிடித்தார்கள். ஆக, அகலத்தை அளந்தால் போதும். ‘வாட்ஸ்’ கிடைத்துவிடும், தூரமும் பிடிபட்டுவிடும். 1957இல் வெளியான இந்த முடிவுக்கு இருவரின் பெயரும் சேர்த்து வைக்கப்பட்டது.

ஏன் திரும்பி வந்தார்?

இந்தப் பெயரோடு அமெரிக்காவிலேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1953இலேயே அவர் இந்தியா திரும்பிவிட்டார். அன்று இங்கே உலகத் தரத்தில் ஒரு தொலைநோக்கிகூடக் கிடையாது. முதலில் வாரணாசியில் இருந்த உத்தரப் பிரதேச மாநில வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, அதை நைனிடால் மலைக்கு மாற்றினார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1899இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம் அது. ஆனால் அங்கே முக்கியமாகச் சூரியனைத்தான் ஆராய்ந்தார்கள். மேகமும் மூடுபனியும் அதிகம் என்பதால் இரவு வானத்துக்கு அந்த மலை தோதுப்படவில்லை. வேறு இடம் தேட ஆரம்பித்தார்.

ஏன் காவலூர்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். சென்னைக்கும் பெங்களூருவுக்கும் நடுவே இருந்தாலும் இரண்டு நகரங்களின் வெளிச்சமும் எட்டாத காட்டுப் பகுதி. நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு பக்கம் என்பதால், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்குத் தெரியாத தென்வானத்தின் பெரும் பகுதியை இங்கிருந்து பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், நல்ல இருட்டு. விண்மீன் ஆய்வாளருக்கு அதுதான் மூலதனம்.

1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. அது வெளிநாட்டிலிருந்து வாங்கியதல்ல, சொந்தப் பட்டறையில் செய்தது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வேகத்திலேயே, அந்த ஆண்டு ஜூன் மாதம், வியாழனின் நிலவான கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்றுமண்டலம் இருக்கலாம் என்பதற்கான தடயத்தைப் பதிவு செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அதைப் பதிவு செய்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று.

முடிக்காமல் போன கனவு

1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாக உருவானபோது, பாப்புவே அதன் முதல் இயக்குநர். அதன் பிறகு அவர் கையில் எடுத்த வேலைதான் வாழ்நாள் கனவு: 2.34 மீட்டர் தொலைநோக்கியை நாமே செய்வது. காசு கொடுத்தால் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிவிடும். ஆனால் இங்கே செய்தால் வேலையைக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையும் சேர்ந்தே உருவாகும் என்பது அவர் கணக்கு. வடிவமைப்பு இங்கேயே நடந்தது. இரும்புக் கட்டமைப்பு மகாராஷ்டிராவின் வால்சந்த்நகரில் உருவானது. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூருவில் நடந்தது. இது அவசரப்பட முடியாத வேலை. ஒரு முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பிம்பம் கெட்டுவிடும்.

இதற்கிடையே 1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்வானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1981இல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

1982 ஆகஸ்டில் கிரீஸின் பத்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பொதுச்சபை கூடியது. தலைமை தாங்க வேண்டியவர் அங்கே போய்ச் சேரவில்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். 55 வயது நிறைந்து ஒன்பதே நாட்கள்.

அவர் விட்டுச்சென்ற தொலைநோக்கியை அவரிடம் பயின்றவர்கள் முடித்துக் காட்டினார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. 2016இல் நைனிடால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும் வரை, இந்த வகையில் நாட்டிலேயே பெரியது இதுதான். தேவஸ்தல் கருவியை நடத்துவதும், பாப்பு ஒரு காலத்தில் நைனிடாலுக்குக் கொண்டுபோன அதே நிறுவனத்தின் வழிவந்ததுதான். 1988இல் காவலூரில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதற்கு ‘ராமானுஜன்’ என்று பெயர் வைத்தார்கள்.

கதைக்கும் நிஜத்துக்கும் என்ன வித்தியாசம்?

டார்க் அகாடமியா கதைகளில் அறிவு என்பது பூட்டிய அறைக்குள் நாலு பேர் மட்டும் வைத்துக்கொள்ளும் ரகசியம். கடைசியில் அதுவே அவர்களை அழிக்கும். பாப்பு செய்தது இதற்கு நேர் எதிர். தெரிந்ததை எல்லாம் பட்டறைத் தொழிலாளியிலிருந்து ஆய்வு மாணவர் வரை கைமாற்றிக் கொடுத்தார். அதனால்தான் அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை.

ஆனால் அவர் தேடி வந்த சொத்துக்கு இப்போது ஆபத்து இருக்கிறது. மலையடிவார ஊர்கள் வளர வளர, எல்இடி தெருவிளக்கு, கடை விளக்கு என்று வானத்தை நோக்கி வீசும் வெளிச்சமும் கூடுகிறது. மங்கலான விண்மீன்கள் அதில் கரைந்துபோகும். எத்தனை கோடி செலவழித்தாலும் தொலைநோக்கியால் இருட்டை உண்டாக்க முடியாது. இதற்குத் தீர்வு என்னவோ ரொம்ப எளிது: வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி விளக்குக்கு மேலே ஒரு மூடி, தேவையில்லாத நேரத்தில் சுவிட்சை அணைப்பது. விளக்கு வெளிச்சம் தெருவுக்குத்தானே வேணும், மேகத்துக்கு எதுக்கு?

காவலூர் வானாய்வகத்தைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். நாள், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. போனால், அந்தப் பெரிய வெள்ளைக் கூண்டைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பொழுது சாயும் வரை இருந்து, அவர் தேடிக் கண்டுபிடித்த இருட்டையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள்.