அக்காளின் ரகசியத்தைக் காத்த குமாஸ்தா

1796-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந்தேதி. லண்டன் நகரில் ஹோல்பார்ன் பகுதியில் ஒரு வாடகை வீடு. சாப்பாட்டுக்கு மேஜை தயாராகிக் கொண்டிருந்தது.

அந்த வீட்டு மகள் மேரிக்கு வயது 31. பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்துச் சம்பாதித்து வந்தாள். பகலெல்லாம் ஊசியும் நூலும். இரவில், கைகால் விளங்காத தாயாரின் பக்கத்திலேயே படுத்துப் பணிவிடை. தகப்பனாருக்கோ முதுமையில் புத்தித் தடுமாற்றம். சில நாட்களாகவே மேரி நிலைகொள்ளாமல் இருந்தாள். அன்று காலையில் அவளுடைய தம்பி டாக்டரைத் தேடிப் போனார். டாக்டர் வீட்டில் இல்லை.

திடீரென்று மேரிக்குச் சித்தம் கலங்கியது. மேஜையில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு, தையல் பழக வந்த சிறுமியைத் துரத்தினாள். வேண்டாம் என்று தடுத்த தாயின் மீது கத்தி பாய்ந்தது. தாய் இறந்துபோனாள். தகப்பனாருக்கு நெற்றியில் காயம். மேரியின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கியவர் தம்பி. அவருக்கு அப்போது வயது 21.

அந்தத் தம்பிதான் சார்லஸ் லாம். ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதையாகப் பள்ளிக்கூடத்தில் பலரும் படித்திருப்பார்களே, அந்தப் புத்தகத்தின் ஆசிரியர்.

வளர்த்தவள் மேரி

லாம் 1775-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந்தேதி பிறந்தார். தகப்பனார் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகவும் வேலைக்காரராகவும் இருந்தவர். தாய்க்கு மூத்த மகன் ஜான் மீதுதான் பாசம் அதிகம். கடைக்குட்டி சார்லஸைத் தூக்கி வளர்த்ததும் எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் பத்து வயது மூத்த மேரிதான். பெற்றவள் வேறு, வளர்த்தவள் மேரி. பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

தர்மப் பள்ளியில் படித்தபோது, பிற்காலத்தில் பெருங்கவிஞரான கோல்ரிட்ஜ் அவருடைய நண்பர் ஆனார். லாமுக்குத் திக்குவாய். மேல் படிப்புக்குப் போக முடியவில்லை. 1792-ல், 17-வது வயதில், லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் கிடையாது. இனாமாக ஒரு சிறு தொகைதான். நம் நாட்டிலிருந்து கப்பலில் போன சரக்குகளுக்கு 33 ஆண்டுகள் கணக்கு எழுதினார். ஆனால் இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை.

மனநோய் அந்தக் குடும்பத்தில் மேரியோடு நிற்கவில்லை. கொலை நடப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, சார்லஸே ஆறு வாரம் மனநோயாளர் விடுதியில் இருந்து திரும்பியவர்தான்.

அண்ணனும் தம்பியும்

சித்தம் கலங்கிய நிலையில் செய்த கொலை என்று விசாரணையில் முடிவாயிற்று. மேரிக்குத் தண்டனை இல்லை. ஆனால் அவளை எங்கே வைப்பது? ஆயுள் முழுவதும் மருத்துவமனையிலேயே விட்டுவிடலாம் என்றார் அண்ணன் ஜான். உலக வழக்கப்படி அதில் தவறும் சொல்ல முடியாது. தம்பி சம்மதிக்கவில்லை. கடைசிவரை அக்காளைப் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பு ஏற்றார். 1799-ல் தகப்பனார் இறந்தபின் மேரியை வீட்டுக்கே அழைத்து வந்தார். அதன்பின் 35 ஆண்டுகள் இருவரும் ஒரே குடும்பம்.

நோய் முற்றிலும் போகவில்லை. விட்டு விட்டு வந்தது. தூக்கம் கெடுவதும் பேச்சு அதிகமாவதும் அதன் அறிகுறிகள். உடனே இருவரும் புறப்படுவார்கள். அக்காளும் தம்பியும் அழுதுகொண்டே வயல்வெளி வழியாக விடுதிக்கு நடந்து போனதை ஒரு நண்பர் நேரில் கண்டிருக்கிறார். கைகளைக் கட்டும் சட்டையையும் அவர்களே எடுத்துப் போனார்கள். வெளியூர்ப் பயணத்திலும் அந்தச் சட்டை பெட்டியில் இருக்கும்.

அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பினால் வேறு வீடு தேட வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும்.

நோய் இல்லாத நாட்களில் மேரியைப் போல் நிதானமானவர் இல்லை என்பது நண்பர்கள் கருத்து. 1807-ல் வந்த ஷேக்ஸ்பியர் கதைப் புத்தகத்தில் மொத்தம் 20 கதைகள். அவற்றில் 14 மேரி எழுதியவை. புத்தகத்தின் மீது இருந்ததோ சார்லஸ் பெயர் மட்டுமே.

நிறைவேறாத ஆசை

1819-ல், 44-வது வயதில், நடிகை பேனி கெல்லியை மணந்துகொள்ள விரும்பிக் கடிதம் எழுதினார். அவர் மறுத்துவிட்டார். அந்தக் குடும்பத்து நோய்தான் காரணம் என்பதை லாமிடம் அவர் சொல்லவில்லை. லாமும் வருத்தத்தை வெளியே காட்டாமல் நண்பராகவே இருந்துவிட்டார். குடிப்பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

மறு ஆண்டு முதல் எலியா என்ற புனைபெயரில் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் மேரி, பிரிட்ஜெட் என்ற உறவுக்காரப் பெண்ணாக வருகிறாள். வாசகர்கள் சிரித்து ரசித்தார்கள். யார் அவள், என்ன செய்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

1825-ல் ஓய்வு பெற்ற லாம், 1834 டிசம்பர் 27-ந்தேதி காலமானார். நடந்து போகும்போது விழுந்து, முகத்தில் பட்ட காயமே எமனாக முடிந்தது. கம்பெனியில் மனைவிக்கு உரிய உதவித்தொகை அக்காளுக்குக் கிடைத்தது.

1837-ல் லாமின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட நண்பர் தால்போர்ட், மேரி உயிரோடு இருந்ததால் அந்தச் சம்பவத்தை அடியோடு விட்டுவிட்டார். 1847-ல் மேரி இறந்தாள். எட்மண்டன் கிராமத்தில் தம்பியின் கல்லறையிலேயே அவளையும் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு தால்போர்ட் இன்னொரு புத்தகம் வெளியிட்டார். பிரிட்ஜெட் யார் என்பதை அதில்தான் வாசகர்கள் தெரிந்துகொண்டார்கள்.