சிறைச் சுவரில் எழுதிய கை: உமர் இப்னு ஸயீத் வரலாறு



அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் மால்கம் எக்ஸ், முஹம்மது அலீ, மார்ட்டின் லூதர் கிங் போன்ற இருபதாம் நூற்றாண்டுப் பெருமக்களே. அவர்களுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு அதே மண்ணில் அடிமையாக இறக்கப்பட்டவர் உமர் இப்னு ஸயீத். மார்க்கக் கல்வியில் 25 ஆண்டுகளைச் செலவிட்ட அந்த ஆலிம், தம் வாழ்க்கையைத் தம் கையாலேயே அரபு மொழியில் எழுதி வைத்தார். அமெரிக்காவில் அடிமையாயிருந்த ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறுகளுள் இன்று நமக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றே. ஆகவே அந்நாட்டின் அடிமைமுறை வரலாற்றைப் பயில்வோர் அவரை நன்கறிவர்.

அவரை விலைக்கு வாங்கிய குடும்பத்தார் அவருடைய கல்வியை மதித்தனர். விருந்தினருக்குக் காட்டிப் பெருமைப்பட்டனர். ஆயினும் அவர் வஃபாத்தாகும் நாள் வரை அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஒரு மனிதனின் தகுதியை அறிந்த பின்னரும் அவனை உடைமையாக வைத்துக்கொள்ள எவ்வாறு மனம் வந்தது? இக்கேள்வியை நெஞ்சிற்கொண்டு அவருடைய வாழ்வைக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றை ஒட்டிய ஃபூட்டா தோரோ என்னும் பகுதியில், ஃபுலானி இனத்தில், 1770ஆம் ஆண்டளவில் உமர் பிறந்தார். இப்பகுதி இன்றைய செனகல் நாட்டைச் சார்ந்தது. 1776ஆம் ஆண்டளவில் அங்கு ஆலிம்களின் தலைமையில் இமாம்களின் ஆட்சி ஏற்பட்டிருந்தது. திருக்குர்ஆன் ஓதுதலும், அரபு இலக்கணமும், மார்க்கச் சட்டமும் கற்பிக்கப்பட்ட கல்விக்கூடங்கள் அந்நாட்டில் இருந்தன.

உமர் தம் சகோதரர் ஷைகு முஹம்மது ஸயீத் அவர்களிடமும் வேறு இரு ஷைகுமார்களிடமும் கல்வி பயின்றார். தொழுகையைப் பேணியதையும், தங்கம், வெள்ளி, கால்நடை, தானியம் ஆகியவற்றில் ஆண்டுதோறும் ஜகாத் வழங்கியதையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். ஆப்பிரிக்கர்கள் எழுத்தறிவற்றவர்கள், நாகரிகமற்றவர்கள் என்று கூறியே அவர்களை அடிமைப்படுத்துவதற்கு அக்காலத்தவர் நியாயம் கற்பித்தனர். அக்கூற்று எத்துணைப் பொய் என்பதற்கு அவருடைய இளமைக்காலமே சான்றாகும்.

கல்வியை முடித்து ஊர் திரும்பி ஆறு ஆண்டுகள் வாழ்ந்த நிலையில், 1807ஆம் ஆண்டில் ஒரு பெரும்படை அவருடைய ஊரின்மீது பாய்ந்தது. பலர் கொல்லப்பட்டனர். உமர் சிறைபிடிக்கப்பட்டுக் கடற்கரைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே விற்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 37.

கடலைக் கடந்து

ஒன்றரை மாதக் கடற்பயணத்திற்குப் பின் அந்தக் கப்பல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை அடைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கச் சட்டம் 1808 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யவிருந்தது. அந்தத் தடை வருமுன் கிடைத்த மட்டும் இலாபம் என்று வணிகர்கள் விரைந்தனர். 1804 முதல் 1807 வரை அந்த ஒரு துறைமுகத்தில் மட்டும் ஏறத்தாழ 40,000 ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டனர். உமர் அவர்களுள் ஒருவர்.

அவரை முதலில் வாங்கிய ஜான்சன் என்பவன் இறையச்சமற்ற கொடியவன் என்று உமர் எழுதியுள்ளார். சிற்றுடலும் ஓதிப் பழகிய வாழ்வும் கொண்ட அவரால் தோட்டத்துக் கடும் உழைப்பைத் தாங்க இயலவில்லை. 1810ஆம் ஆண்டில் ஜான்சனிடமிருந்து தப்பியோடினார். மொழி தெரியாத நாட்டில் ஒரு மாத காலம் அலைந்து, வட கரோலினா மாநிலத்தின் ஃபயட்வில் நகருக்கு அருகே வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு தேவாலயம் அவர் கண்ணிற்பட்டது. இறைவனைத் தொழுவதற்காக அதனுள் நுழைந்தார். ஒரு சிறுவன் அவரைக் கண்டு தன் தந்தையிடம் ஓடிச் சொன்னான். குதிரைகளில் ஆட்கள் வந்தனர்; வேட்டைநாய்களும் உடன் வந்தன. தொழ வந்த மனிதரைப் பிடித்து, 12 மைல் தொலைவு நடத்திச் சென்று சிறையில் அடைத்தனர்.

பதினாறு நாட்கள்

அந்தச் சிறையில் அவர் 16 நாட்கள் இருந்தார். பேசினால் புரிந்துகொள்வார் யாருமில்லை. எனவே கரித்துண்டை எடுத்துச் சிறைச் சுவரில் அரபு மொழியில் எழுதத் தொடங்கினார் என்று கூறப்படுகிறது. வலமிருந்து இடமாகச் செல்லும் அந்த எழுத்தைக் காண ஊர்மக்கள் திரண்டனர். அடிமை என்று பிடித்து வந்த ஒருவன் எழுதுகிறான் என்பதே அவர்களுக்கு வியப்பு!

அந்த வியப்பின் காரணத்தை அறிய அக்காலச் சட்டங்களைச் சற்று நோக்குதல் வேண்டும். தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு 100 பவுன் அபராதம். வட கரோலினாவில் 1830ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கணக்கு நீங்கலாக, அடிமைக்கு எழுதவோ படிக்கவோ கற்பிப்பதைத் தடை செய்தது. கற்பிப்பவர் வெள்ளையராயின் 100 முதல் 200 டாலர் வரை அபராதம் அல்லது சிறை. கற்பிப்பவர் அடிமையாயின் 39 கசையடி. எழுத்தறிந்தவன் தப்பிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான், செய்தித்தாள் படிப்பான், நீதி கேட்பான் என்று எஜமானர்கள் அஞ்சினர். அறியாமை அம்மக்களின் இயல்பாக இருந்திருப்பின் அதனைக் காப்பதற்குச் சட்டமும் கசையும் தேவைப்பட்டிருக்குமா?

ஓவன் குடும்பத்தில்

சிறையிலிருந்த உமரைப் பின்னர் ஜேம்ஸ் ஓவன் என்பவர் விலைக்கு வாங்கினார். இவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். இவருடைய சகோதரர் ஜான் ஓவன் 1828 முதல் 1830 வரை வட கரோலினாவின் ஆளுநராக இருந்தார். பிளேடன் மாவட்டத்தில் இருந்த அவர்களுடைய தோட்டத்தில் உமருக்குக் கடும் வேலை தரப்படவில்லை; நல்லுணவும் நல்லுடையும் தரப்பட்டன. தம்மை அவர்கள் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை என்று உமரே எழுதியுள்ளார். எழுதியதை எஜமானர்கள் படிப்பர் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1819ஆம் ஆண்டில் ஜான் ஓவனுக்கு அவர் எழுதிய அரபுக் கடிதம் ஒன்று உள்ளது. திருக்குர்ஆன் வசனங்கள் நிறைந்த அக்கடிதத்தில், தம் சொந்த ஊருக்குத் திரும்பும் ஆவலை அவர் தெரிவித்தார். அந்த வீட்டில் அரபி படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆவல் நிறைவேறவுமில்லை.

அவருடைய புகழ் பரவியபோது மற்றொரு விந்தை நிகழ்ந்தது. செய்தித்தாள்கள் அவரை இளவரசர் என்றும், அரபியர் என்றும், மூர் இனத்தவர் என்றும் வருணித்தன. இத்துணை அறிவுடையவர் கறுப்பினத்தவராக இருத்தல் இயலாது என்று அவர்கள் தமக்குத் தாமே விளக்கம் கூறிக்கொண்டனர். கண்முன் நின்ற சான்றைக் கொண்டு தம் தவறான கொள்கையைத் திருத்திக்கொள்வதற்கு மாறாக, அந்த மனிதரையே அவருடைய இனத்திலிருந்து பிரித்தெடுத்துவிட்டனர். அவ்வாறு பிரித்த பின்னும் அடிமைத்தளையை மட்டும் அவிழ்க்கவில்லை. நிறவெறி சான்றுகளைக் கண்டு அடங்குவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

மார்க்கம் பற்றிய கேள்வி

நம் வாசகர்கள் உள்ளத்தில் எழும் ஒரு கேள்வியை மறைக்காமல் கூற வேண்டியுள்ளது. 1821ஆம் ஆண்டளவில் உமர் ஃபயட்வில்லில் உள்ள பிரஸ்பிடேரியன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அக்காலப் பத்திரிகைகள் இதனைப் பெரிதாகக் கொண்டாடின. அவர் உளமார மதம் மாறினாரா, அன்றி அடிமை நிலையில் வேறு வழியின்றி இணங்கினாரா என்பது பற்றி ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கின்றனர்.

அவருக்கு வழங்கப்பட்ட அரபு பைபிள் இன்று டேவிட்சன் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. அதன் பக்கங்களில் இறைவனைப் புகழும் அரபுத் தொடர்களை அவர் எழுதி வைத்துள்ளார். 1857ஆம் ஆண்டில் அவர் எழுதித் தந்த ஓர் ஏட்டின் பின்புறம், அது கிறிஸ்தவ ஜெபம் என்று எவரோ ஆங்கிலத்தில் குறித்து வைத்தனர். உள்ளே இருந்ததோ திருக்குர்ஆனின் 110ஆம் அத்தியாயமான சூரத்துந் நஸ்ர்! உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆகவே நாம் தீர்ப்புக் கூற முற்படாது, இளமையில் மனனம் செய்த வசனங்கள் அரை நூற்றாண்டு அடிமை வாழ்விலும் அவருடைய நினைவை விட்டு நீங்கவில்லை என்பதை மட்டும் கருத்திற்கொள்வோம்.

1831ஆம் ஆண்டில் எழுதிய நூல்

கற்பிப்பதைத் தடை செய்த சட்டம் வந்த மறு ஆண்டில், அதே வட கரோலினாவில், ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் உமர் தம் வரலாற்றை எழுதினார். அண்டை மாநிலமான வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததும் அதே ஆண்டில்தான். உமர் எழுதியது 15 பக்கங்களே கொண்ட சிறு நூல். தம் தாய்மொழியிலும் அரபியிலும் பெரும்பகுதியை மறந்துவிட்டதாகக் கூறி, படிப்போரிடம் பொறுத்தருள வேண்டுகிறார் ஆசிரியர்.

ஆயினும் அந்நூலின் தொடக்கத்தைக் காணுங்கள். தம் கதையைக் கூறுமுன் 67ஆம் அத்தியாயமான சூரத்துல் முல்க்கை நினைவிலிருந்து எழுதுகிறார். முல்க் என்னும் சொல்லுக்கு ஆட்சி, உடைமை என்று பொருள். அனைத்தின் மீதும் உரிமை கொண்டவன் இறைவன் ஒருவனே என்பது அந்த அத்தியாயத்தின் தொடக்கக் கருத்து. ஒரு மனிதனுக்கு உடைமையாக்கப்பட்ட மற்றொரு மனிதன், தன் வரலாற்றின் வாயிலில் இதனை எழுதி வைத்தான். இதனை எஜமானர்களுக்கு அளித்த விடையாகவே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்விடையைப் படிக்கும் கல்வி அந்த எஜமானர்களுக்கு இல்லை.

இந்நூல் வேறொரு வகையிலும் அருமையானது. விடுதலை பெற்ற அடிமைகளின் ஆங்கிலத் தன்வரலாறுகள் பல, வெள்ளையரான பதிப்பாளர்களின் திருத்தத்திற்கு உட்பட்டே வெளிவந்தன. உமரின் எழுத்தை அவ்வாறு திருத்த அவரைச் சுற்றியிருந்தோரால் இயலவில்லை. ஆகையால் அவருடைய சொற்கள் அவர் எழுதியவாறே நம்மை வந்தடைந்துள்ளன.

மறைவும் நினைவும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 அல்லது 1864ஆம் ஆண்டில், ஏறத்தாழ 90ஆவது வயதைக் கடந்த நிலையில் உமர் வஃபாத்தானார். அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1865ஆம் ஆண்டில்தான் வந்தது. அமெரிக்க மண்ணில் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்த அவர், ஒரு நாளும் அங்குச் சுதந்திர மனிதராக வாழவில்லை.

அவருடைய கையெழுத்துப் பிரதி பல கைகள் மாறியது. 1925ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு வரலாற்று ஆய்விதழில் வெளியிடப்பட்டது. பின்னர் மூலப்பிரதி காணாமற்போய், 1995ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் ஒரு பழைய பெட்டியிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதனைப் பெற்று, 2019ஆம் ஆண்டில் உலகோர் அனைவரும் காணும் வண்ணம் இணையத்தில் வெளியிட்டது. அவருடைய வாழ்க்கையை ஒட்டி அமைந்த இசை நாடகம் ஒன்று, அவர் இறக்கப்பட்ட அதே சார்ல்ஸ்டன் நகரில் 2022ஆம் ஆண்டில் அரங்கேறி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசையும் பெற்றது. நாய்களை ஏவி அவரைப் பிடித்து வந்த ஃபயட்வில் நகரில் இன்று அவர் பெயரால் ஒரு பள்ளிவாசல் உள்ளது.

முடிவாக, நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஓவன் குடும்பத்தார் உமரின் கல்வியை அறிந்திருந்தனர். அவரிடம் கனிவாகவும் நடந்துகொண்டனர். ஆனால் கனிவு வேறு, நீதி வேறு. தமக்குக் கீழே இருக்கும் வரை ஒருவரைப் போற்றுவதும், சமமாக எழ வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தி வைப்பதும் ஒரே நெஞ்சில் இயலும் என்பதை அவருடைய வாழ்வு காட்டுகிறது. நிறம், குலம், செல்வம் ஆகியவற்றால் நமக்குக் கீழ்ப்பட்டவர் என்று எவரையேனும் கருதி, அவருக்குரிய உரிமையின் இடத்தில் நம் கருணையை வைத்துக் கொடுக்கிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

நீதியின்மீது நிலைத்து நிற்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.