டிலனாய் கல்லறையில் எழுதப்படாத செய்தி

நவம்பர் மாதம் பிறந்தால் நம் பங்குகளிலெல்லாம் கல்லறைத் தோட்டங்கள் உயிர்பெறுகின்றன. புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றுகிறோம். குருவானவர் வந்து கல்லறைகளை மந்திரிக்கும்போது அவரவர் குடும்பத்துக் கல்லறை அருகே நின்று செபிக்கிறோம். ஆனால் வந்து நிற்க உறவினர் யாரும் இல்லாத கல்லறைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்று நம் குமரி மண்ணிலேயே, தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

சுமார் 90 ஏக்கர் பரப்புள்ள அந்தக் கோட்டையை நம் மக்கள் டிலனாய் கோட்டை என்றே சொல்கிறார்கள். உள்ளே மரங்களுக்கு நடுவில் கூரை இழந்த ஒரு சிற்றாலயம். அதன் தரையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து பொறித்த கல்லறைக் கல் ஒன்று. அதன் கீழ் துயில்கிறவர் எவுஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய். அவருடைய மனைவி மார்கரீத்தாவும் மகன் யோவானும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

யார் இந்த டிலனாய்? இன்றைய பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள ஆராஸ் என்ற ஊர் அவருடைய பூர்வீகம். கத்தோலிக்கர். பிழைப்புக்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர். மிளகு வணிகத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பிய அந்தக் கம்பெனி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுடன் மோதியது. 1741 ஆகஸ்டு மாதம் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. மன்னரின் கைக்கு வந்த ஐரோப்பியர்களில் டிலனாயும் ஒருவர்.

தோற்றவனைத் தண்டிப்பதுதான் வழக்கம். மன்னரோ அவருடைய திறமையைக் கண்டு தம் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார். டிலனாய் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தார். பழைய உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் அமைந்தது. கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையிலும் அவர் கைவேலை உண்டு. படிப்படியாக உயர்ந்து, வலிய கப்பித்தான் என்று மக்கள் அழைக்கும் தளபதியானார். அடிமையாக வந்தவர் 1777 ஜூன் 1ஆம் நாள் இறக்கும் வரை இந்த மண்ணை விட்டுப் போகவே இல்லை.

அவருடைய கல்லறைக் கல் இதையெல்லாம் பெருமையோடு சொல்கிறது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாய் உழைத்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் பணிய வைத்தார் என்றும் அது கூறுகிறது. ஆனால் இன்று நாம் அவரை நினைப்பதற்குக் காரணமான செய்தி அந்தக் கல்லில் இல்லை.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனை அலுவலராக இருந்தவர். வேலை நிமித்தம் டிலனாயோடு பழகியவர். ஒரு காலத்தில் அவருடைய குடும்பத்துக்குத் துன்பம் மேல் துன்பம் வந்தது. கால்நடைகள் மடிந்தன, பயிர் நாசமானது. வாடிய முகத்தோடு வந்த நண்பரிடம் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். செல்வத்தையும் பிள்ளைகளையும் இழந்தும் இறைவனை இழக்காத ஒரு மனிதரின் கதை அது. நீலகண்டனின் உள்ளம் திறந்தது. டிலனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பி வைத்தார். பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் 1745 மே மாதம் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார்.

ஒரு போர்வீரன் தன் நண்பனுக்கு ஆறுதலாகச் சொன்ன ஒரு கதை! குருவும் அல்ல, வேதியரும் அல்ல. ஒரு பொதுநிலையினர் இன்னொரு பொதுநிலையினருக்குச் சொன்ன நற்செய்தி.

இனி வருவது மனத்தை உறுத்தும் பகுதி. 1749இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று அடித்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. தாகத்தால் தவித்தபோது அவர் முழங்கையால் தட்ட நீர் சுரந்தது என்று நம் மக்கள் நம்பும் முட்டிடிச்சான் பாறை இருப்பது அதே புலியூர்க்குறிச்சியில், தளபதியின் கோட்டைக்கு அருகில்தான். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மன்னரின் துப்பாக்கிகளுக்கெல்லாம் தளபதியாக இருந்தவர் தம் நண்பரைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் பின்னும் அதே மன்னரிடம்தான் பணியாற்றினார்.

இதை வைத்து டிலனாயைக் குறை சொல்வது எளிது. ஆனால் அலுவலகத்திலும் அரசியலிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் நம் கண் முன்னே அநியாயம் நடக்கும்போது, வேலைக்காகவும் குடும்பத்துக்காகவும் நாம் எத்தனை முறை வாய்மூடி நின்றிருக்கிறோம்! அதிகாரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு எல்லாம் செய்ய முடியும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் கைகள்தான் பல நேரங்களில் அதிகமாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

பிறகு யோபுவின் துயரம் டிலனாயின் வீட்டுக்கும் வந்தது. 1765இல் களக்காட்டுப் போரில் மகன் யோவான் இளம் வயதிலேயே இறந்தார். நண்பருக்குச் சொன்ன கதை தமக்கே வாழ்க்கையானது. மகனை அடக்கிய சிற்றாலயத்தில்தான் 12 ஆண்டுகளுக்குப் பின் தந்தையும் வந்து படுத்தார்.

உதயகிரியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. அங்கே நாள்தோறும் மக்கள் முழந்தாளிடுகிறார்கள். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது உலகமே அந்தப் பெயரைக் கேட்டது. தளபதி அச்சத்தால் வென்ற நாடுகளின் எல்லைகள் இன்று வரைபடத்தில் இல்லை. அன்பால் அவர் சொன்ன கதை பலன் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, நம் கல்லறைகளில் பெயரும் பட்டமும் தேதியும் எழுதப்படும். ஒரு துயர நாளில் அண்டை வீட்டாருக்கு நாம் சொன்ன ஆறுதல் எழுதப்படாது. ஆனால் இறைவன் அதை அறிவார். துன்பத்தில் இருப்பவரைக் கண்டால் விலகிப் போகாமல் அருகில் உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த விசுவாசத்தை உங்களுக்குத் தெரிந்த சொற்களில் சொல்லுங்கள். அதற்கு இறையியல் பட்டம் தேவையில்லை.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைகளைச் சந்தித்து, திரு அவை கூறும் ஒழுங்குகளின்படி இறந்தோருக்காகச் செபிப்பவர்கள் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம். முட்டிடிச்சான் பாறைக்குத் திருப்பயணம் போகிறவர்கள் அப்படியே கோட்டைக்குள்ளும் சென்று வாருங்கள். நமக்கு ஒரு புனிதரைத் தந்த நட்புக்கு நன்றியாக, தொல்லியல் துறையின் காவலில் தனித்துக் கிடக்கும் அந்தக் கல்லின் அருகே நின்று டிலனாய்க்காகவும் அவர் மனைவி, மகனுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அங்கே அவர்களுக்கு வேறு உறவினர் இல்லை. நாம்தான் உறவினர்.